மூன்றாவது அழைப்பு

எங்கள் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிறவளுக்கு வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர் சங்கு. மில்லில் ஷிப்டு மாறும்போது ஊதுவார்களே, அந்தச் சங்கு. அவள் வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எதிர்ச்சாரி டீக்கடையில் வாய்தாவைப் பற்றிக் கதையளந்துகொண்டிருக்கும் ஆள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவான். மாடியில் நகல் எடுக்கிறவர்கள் எழுதிக்கொண்டிருந்த வரியை மறந்துபோவார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் சாட்சி துள்ளி எழுந்து தன் பெயர் இல்லையென்று தெரிந்து மறுபடி உட்காருவான்.

நான் அங்கே டைப்பிஸ்ட். நீதிபதிக்குக் கீழே ஒரு மேஜை, அதுதான் என் ராஜ்யம். எனக்கும் சங்குவுக்கும் ஒரே அலமாரி, ஒரே சாப்பாட்டு நேரம், தினமும் ஒரு சண்டை. சண்டை இல்லாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவளுக்கும் அப்படித்தான், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னால் அவள் பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். கார் பழுதாகி பஸ்ஸுக்குக் காத்திருந்த பழைய நீதிபதி ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னாராம். இந்தக் கதையை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருமுறை அவர் மழையில் நனைந்துகொண்டிருப்பார், இன்னொருமுறை வெயிலில் வாடிக்கொண்டிருப்பார். குரல் மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்றுதான். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். ஒரே மகள், பள்ளியின் கடைசி வகுப்பு. அப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்க்கிறேன் என்று சங்கு சொல்வாள். அவள் வீட்டில் பேசுவது குடியிருப்பு முழுக்கக் கேட்கும், அங்கே யாருக்குமே எந்தக் குறையும் தெரியாமல் போக வாய்ப்பில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் சண்டைகளில் பெரியது ஒரு சட்டத்தைப் பற்றியது. பதினெட்டு வயது ஆகாத பெண் கருவைக் கலைக்க வேண்டுமென்றால் அப்பாவோ அம்மாவோ சம்மதம் தர வேண்டும். தர மாட்டார்கள், அல்லது அவர்களிடம் சொல்லவே முடியாது என்றால், அவள் நேராக நீதிபதியிடம் வந்து காரணத்தைச் சொல்லலாம். அவருக்குச் சரியென்று பட்டால் பெற்றவர்களின் சம்மதம் இல்லாமலே அனுமதி கொடுப்பார். அதாவது, பெற்ற தாயிடம் சொல்ல வாய் வராத ஒன்றை முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். இதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சங்குவுக்கு அந்தச் சலுகையே பிடிக்காது.

"பல்லு பிடுங்கறதுக்கே பெத்தவங்களைக் கேக்கறாங்க. இது மட்டும் அம்மாவுக்குத் தெரியாம நடக்கணுமா? சுமந்து பெத்தவ என்ன, பக்கத்து வீட்டுக்காரியா?"

"பல்லு பிடுங்கினதுக்காக எந்த அப்பனும் பொண்ணை வீட்டுல போட்டுப் பூட்டறதில்லடி."

"நல்ல அம்மான்னா பொண்ணு சொல்லும். சொல்லலைன்னா வளர்ப்பு சரியில்லைன்னு அர்த்தம். என் பொண்ணு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவா."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்னால் சண்டை முடிந்தது என்று பொருள். நான் டிபன் பாக்ஸை மூடிவிடுவேன்.

இப்படிப்பட்ட வழக்குகளில் பெண்ணின் பெயரைக் கூப்பிடக் கூடாது. பெயருக்குப் பதில் "மூடிய அறை வழக்கு" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். நீதிபதி தன் தனி அறையில் விசாரிப்பார். மூன்றாவது அழைப்புக்கும் ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி. பெயர் வெளியே தெரியக்கூடாது என்கிற நல்லெண்ணத்தில் யாரோ போட்ட ஏற்பாடு. போட்டவர் ஒரு நாளாவது எங்கள் வராந்தாவில் நின்றிருந்தால் போட்டிருக்க மாட்டார். சாதாரணமாகப் பெயர் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சங்கு "மூடிய அறை" என்று முழங்கினால் வராந்தா மொத்தமும் பேச்சை நிறுத்தி, யார் எழுந்து போகிறார்கள் என்று கழுத்தை நீட்டும். பெயரை மறைத்துவிட்டு முகத்தைக் காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு அது. எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் சொல்ல வந்த நாள், நீண்ட விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். காலையிலிருந்தே கோர்ட்டு கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் விடுமுறை முடிந்துதான் என்பதால் எல்லோருக்கும் எல்லாமே அவசரம். முதல் வழக்கே மூடிய அறை. நீதிபதி அறையில் நானும், அந்தப் பெண்ணுக்காக இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து வந்த இளம் வக்கீலும் இருந்தோம். வக்கீல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பொண்ணுக்குப் பதினாறு வயசு. விடுமுறை முடியற வரைக்கும் காத்திருந்தா டாக்டரால செய்ய முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு மதியம் வந்தா பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"பொண்ணு வந்திருக்கா?"

"வெளியில இருக்கா. நான் பக்கத்துல போகக்கூடாது, பேசக்கூடாதுன்னு போன்ல சொன்னா. கூப்பிட்டா வந்துடறேன்னா."

நீதிபதி தலையசைத்தார். சங்கு கதவைப் பாதி திறந்துவைத்து வாசலில் நின்று முழங்கினாள்.

"மூடிய அறை வழக்கூ!"

வராந்தா அடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கதவின் இடைவெளியில் எனக்குச் சுவரோர பெஞ்சு ஒன்று தெரிந்தது. அதில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். மடியில் புத்தகப் பையை வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் டெய்லர். கடைவீதியில் அவரைத் தெரியாதவர் கிடையாது, பாதிப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பது அவர்தான். ஒரு லாரி பின்னால் எடுக்கும்போது அவர் கடைக் கதவை நசுக்கிவிட்டது, அந்த வழக்குக்காக மாதக்கணக்கில் அலைகிறார். தங்கமான மனுஷன். அதுதான் அன்றைக்குத் தொல்லை.

பெஞ்சில் என்ன நடந்தது என்பதைச் சங்கு பிறகு சொன்னாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றதால் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் வீடு டெய்லர் வீட்டுக்கு அடுத்த வீடு. அப்பாவும் அவரும் தினம் சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். பெண்ணைக் கோர்ட்டில் பார்த்ததும் டெய்லர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன கண்ணு, நீ எங்க இங்க?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட் மாமா. கோர்ட்டு எப்படி நடக்குதுன்னு பார்த்து எழுதணும். டீச்சர் வந்துட்டே இருக்காங்க."

"தனியாவா உட்கார வெச்சுட்டுப் போனாங்க? நல்ல டீச்சர்! இது என்ன பார்க்கா? அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். நீ பயப்படாத."

"வேண்டாம் மாமா, உங்களுக்கு வேலை இருக்கும்."

"என் கேஸு சாயங்காலத்துக்கு முன்னாடி வராது. எனக்கு என்ன வேலை? பிஸ்கட் சாப்பிடறியா?"

உள்ளே நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். வக்கீல் எழுந்தாள், உட்கார்ந்தாள். போய்க் கூட்டிவந்தால் கறுப்புக் கோட்டோடு போகிறவளை வராந்தா மொத்தமும் பார்க்கும். போகாவிட்டால் மனு போய்விடும். நானே எழுந்து போய் அந்த டெய்லரைக் கையைப் பிடித்து இழுத்துப்போகலாமா என்றுகூட நினைத்தேன். எதைச் சொல்லி இழுப்பது?

சங்கு இரண்டாவது தடவை கூப்பிட்டாள். பெண் தரையைப் பார்த்தாள். அவளுடைய ஷூ ஒன்று மற்றதன்மேல் ஏறி நின்றது.

"பாரு, யாரோ கேஸைப் போட்டுட்டு வரவே இல்ல," என்றார் டெய்லர். "கூப்பிடும்போது ஆள் இருக்கணும். இதைக் குறிச்சுக்கோ கண்ணு, ப்ராஜெக்டுக்கு ஆகும்."

சங்குவுக்கு இரண்டாவது அழைப்பிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. பஸ் நிலையத்தில் ஆள் பிடித்தவள், கூட்டத்தில் யார் போக நினைக்கிறான், யார் சும்மா நிற்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள். ஆனால் பிடிபட்டதும் அவளுக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். அவளே சொன்னது இது. வீட்டில் ஒருத்தி இந்நேரம் மகளுடைய சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள், இவள் இங்கே ப்ராஜெக்ட் என்று புளுகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாளாம். மூன்றாவதையும் கூப்பிட்டு முடித்துவிடலாம், பெண் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லட்டும் என்று மூச்சை இழுத்தாளாம்.

அப்போதுதான் டெய்லர் பெண்ணின் இடுப்பைப் பார்த்தார். கெட்ட பார்வை இல்லை, தொழில் பார்வை.

"இது நான் தைச்சதுதானே? இடுப்புல பிடிக்குதே கண்ணு. அளவு எடுத்து அதிக நாள் ஆகலையே. சாயங்காலம் அம்மாகிட்ட குடுத்தனுப்பு, பிரிச்சு விட்டுத் தரேன். வேண்டாம், நானே அப்பாகிட்ட சொல்லி வாங்கிக்கறேன்."

பெண் புத்தகப் பையை வயிற்றோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றாள் சங்கு.

"மூணாவது கூப்பிடும்மா," என்றார் உள்ளேயிருந்து நீதிபதி.

சங்கு திரும்பினாள். வாயைத் திறந்தாள். ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

எத்தனையோ வருஷம் ஜலதோஷத்திலும் காய்ச்சலிலும் அடங்காத குரல். நான் வாயைப் பிளந்தேன். வராந்தாவில் யாரோ ஒரு வக்கீல், "சங்கு பழுதாயிடுச்சுப்பா!" என்றார். சிரிப்பு எழுந்தது. மூன்றாவது அழைப்பு இல்லாமல் தள்ளுபடி கிடையாது. நீதிபதி பேனாவை மூடியும் மூடாமலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

அவள் நேராக டெய்லரிடம் போனாள். கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் குனிந்து, வழக்குப் பட்டியலை நீட்டிக் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, தொண்டை போயிடுச்சு. அடுத்த கேஸுக்காரங்க டீக்கடையில இருக்காங்க. வாசல் படியில நின்னு நீங்க ஒரு சத்தம் குடுக்கணும். உங்களை மாதிரி கணீர்னு பேசறவங்க இங்க வேற யாரும் இல்ல."

இப்படி ஒரு உதவியை மறுக்கிற மனுஷரா அவர்? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "நீ இங்கயே இரு கண்ணு, இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். அடுத்த நிமிஷம் வாசலில் அவர் குரல் எழுந்தது. வராந்தாவின் கழுத்துகள் எல்லாம் புதுக் குரல் யாருடையது என்று பார்க்க அந்தப் பக்கம் திரும்பின.

"உள்ள போ," என்றாள் சங்கு பெண்ணிடம். அவள் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பழக்கமில்லாததால் அவளுடைய ரகசியம் மற்றவர்களுடைய சாதாரணப் பேச்சளவுக்கு இருந்தது. நல்லவேளை, டெய்லர் அதைவிடச் சத்தமாகக் கூவிக்கொண்டிருந்தார்.

கதவு மூடப்பட்டது. சங்கு வழக்கப்படி உள்பக்கம் நின்றாள்.

நீதிபதி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, டாக்டர் சொன்னது புரிந்ததா, அந்தப் பையன் எங்கே. அவள் சொன்ன பதில்களை டைப் செய்தேன், இங்கே அவற்றைச் சொல்வதாக இல்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சங்குவின் கதையில் சேர்ந்துவிட்டது.

"அப்பாகிட்ட பயம், சரி. அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"அம்மாவால அப்பாகிட்ட எதையும் மறைக்க முடியாதுங்க ஐயா. அக்கா ஒரு பையனோட போன்ல பேசினதை அம்மா மறைச்சாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சதும் அக்கா படிப்பை நிறுத்திட்டாரு. அம்மாவுக்குக் கை உடைஞ்சுது."

"அம்மாவே கண்டுபிடிச்சுட்டா?"

வெளியே டெய்லர் இரண்டாவது வழக்கை விட்டுவிட்டு மூன்றாவது வழக்குக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"அம்மாவுக்குத் தெரியும்னு நினைக்கறேன் ஐயா. ரெண்டு தடவை பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. ஒண்ணும் கேக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. கேட்டா தெரிஞ்சிடும்ல."

நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கதவோரம் நின்ற சங்குவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அனுமதி கிடைத்தது. வக்கீலையும் பெண்ணையும் பழைய பைல்கள் கிடக்கும் அறை வழியாகப் பின்வாசலுக்கு அனுப்பினேன். போகும்போது அந்தப் பெண் சங்குவின் முன்னால் நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். "டெய்லர் மாமா அப்பாகிட்ட சொல்லிடுவாரா?" என்றுதான் கேட்டாள்.

"அதை நான் பார்த்துக்கறேன். நீ போ."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நீதிபதி சங்குவைப் பார்த்தார். "மதியத்துக்குள்ள தொண்டை சரியாயிடும்னு நினைக்கறேன்," என்றார். "ஆயிடும் ஐயா," என்றாள் அவள், தொண்டை போனதை மறந்து. அவர் அதைக் காதில் வாங்காததுபோல் எழுந்து போனார்.

டெய்லரை விலக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மனுஷர் பட்டியலில் பாதியைக் கூப்பிட்டு முடித்திருந்தார், நெற்றியில் வியர்வை, முகத்தில் அப்படியொரு ஒளி. பெண் எங்கே என்று கேட்டார். டீச்சர் வந்து கூட்டிப்போய்விட்டார் என்றாள் சங்கு. அதோடு விட்டாளா? அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"அண்ணே, இனிமே நீங்களும் எங்காளு. கோர்ட்டுல கூப்பிடறவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. இங்க யாரைப் பார்த்தாலும், சின்னப் புள்ளைங்களா இருந்தாலும் சரி, வெளியில மூச்சு விடக்கூடாது. துணி இறுக்குது, தளருதுன்னுகூடப் பேசக்கூடாது. வீட்டுலயும்தான்."

அப்படியொரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டெய்லர் நெஞ்சில் கை வைத்தார். "என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேம்மா," என்றார். சொல்லாமல் இருந்தாரா, இருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் முழு நிம்மதி இல்லை. கடைவீதிப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

மதியம் சங்கு சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள், ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடிக்காமல் வைத்தாள். உட்கார் என்றால் உட்காரவில்லை. என்மேல் பாய்ந்தாள்.

"நான் செஞ்சது தப்புதானே? சொல்லு. அந்தம்மா நாளைக்கு இதைக் கேள்விப்பட்டா என்னைச் சபிக்க மாட்டா?"

"அந்தம்மாவுக்குத் தெரியும்னுதான் பொண்ணு சொல்லுச்சே."

"தெரிஞ்சும் கேக்கலையே! அது என்னடி அம்மா? நானா இருந்தா உலுக்கிக் கேட்டிருப்பேன்."

"கேட்டா கை உடையும்."

"உடையட்டுமே! கை பெருசா, பொண்ணு பெருசா?"

"அவ புருஷன்கிட்ட வாழறது நீயில்ல. உனக்கு வாய் இருக்கு, பேசற."

அவள் டிபன் பாக்ஸை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிற்பகல் குரல் திரும்பியது. ஆனால் வாதியைக் கூப்பிட வேண்டிய இடத்தில் பிரதிவாதியைக் கூப்பிட்டாள், ஒரு சாட்சியை இரண்டு தடவை கூப்பிட்டாள், செத்துப்போன ஒருவரையும் கூப்பிட்டாள். வக்கீல்கள் சங்குக்கு ரிப்பேர் சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள். வழக்கமாக அவளிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு அடுத்த பெயரைத் தேடிப் பட்டியலைப் புரட்டினாள்.

சாயங்காலம் வக்கீல் எனக்குப் போன் செய்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றாள். உடனே சங்குவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவளிடமிருந்து ஒற்றை எழுத்தில் பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் விடுமுறையின் முதல் காலை, நான் வீட்டு வாசல் கூட்டிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. உள்ளே வந்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

"அவகிட்ட கேட்டேன்டி."

"யார்கிட்ட?"

"என் பொண்ணுகிட்டத்தான். கோர்ட்டுல நடந்ததைச் சொல்லல, எனக்குத் தெரியாதா? பொதுவாத்தான் கேட்டேன். நேத்து ராத்திரி சாப்பிட்டுட்டு இருந்தோம். உனக்கு எப்பவாச்சும் இந்த மாதிரி ஏதாவது ஆனா என்கிட்ட சொல்லுவியான்னு."

"என்ன சொன்னா?"

"சொல்லுவேம்மான்னா."

"அப்புறம் என்ன? நீதான் அடிச்சுச் சொல்லுவியே, உன் பொண்ணு எல்லாத்தையும் சொல்லுவான்னு. சொல்லுவேன்னுட்டாளே. இதுக்கு ஏன் இப்படி நடக்கற? உட்காரு, காபி போடறேன்."

அவள் நின்றாள். கண் ரொம்பச் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டாள்.

"சோத்துக் கையோட எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்துதான்டி அதைச் சொன்னா," என்றாள் சங்கு. "நான் மெதுவாத்தான் கேட்டேன்."